மலைப்பாதைக்கு எந்த ஜிபிஎஸ் செயலி? டவர் இல்லாத இடத்தில் கைப்பேசி வழிகாட்டும் விதம்

ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ முதன்முறையாக நடந்து ஏறப் புறப்படும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “சார், எந்த ஆப் கரெக்டா லொகேஷன் காட்டும்?” இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தவறான புரிதல் இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு (சிப்). ஒரே கைப்பேசியில் பத்துச் செயலிகளை நிறுவினாலும், பத்துக்கும் இடத்தைச் சொல்வது அந்த ஒரே சில்லுதான். இதற்கு இணையான இன்னொரு தவறான புரிதல், “டவர் போயிடுச்சு, இனிமே ஜிபிஎஸ் வேலை செய்யாது” என்பது. இரண்டும் சேர்ந்துகொண்டால், தவறான காரணத்துக்காகத் தவறான செயலியை நம்பிக் காட்டுக்குள் போய்விடுகிறோம்.

எனக்கே அது நேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்திக்கு மேலே, நண்பர்கள் நால்வரோடு ஏறிக்கொண்டிருந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. கைப்பேசியை எடுத்தால் திரையில் சாம்பல் நிறக் கட்டங்களும் நடுவில் ஒரு நீலப் புள்ளியும் மட்டுமே இருந்தன. நாங்கள் நடந்தால் புள்ளியும் நடந்தது, நின்றால் நின்றது. ஆனால் அதன் கீழே பாதையும் இல்லை, ஓடையும் இல்லை, ஊரும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர், “அப்படிப் போனா ஓடையிலதான் போய் நிக்கணும், இப்படி மேல வாங்க” என்று திருப்பிவிட்டார். அன்று ஜிபிஎஸ் ஒரு நொடிகூடத் தவறவில்லை என்பதும், இல்லாமற் போனது வரைபடம் மட்டுமே என்பதும் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எனக்கு விளங்கின. அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாண வேடிக்கையிலிருந்து தொடங்குவோம்

குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவின் வாண வேடிக்கையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். வெளிச்சம் முதலில் தெரியும். சத்தம் பிறகு வரும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எனவே வெளிச்சம் தெரிந்து மூன்று நொடி கழித்துச் சத்தம் கேட்டால், வாணம் வெடித்த இடம் நம்மிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கிறது என்று பொருள். நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடுகிறது. ஜிபிஎஸ்ஸின் அடிப்படை இந்த ஒரு வரிதான்.

இப்போது, நமக்கு நன்றாகத் தெரிந்த மூன்று கோயில்களில் ஒரே இரவில் வாணம் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று தெரிந்தால், அந்தக் கோயிலை மையமாக வைத்து வரைந்த வட்டத்தின் மேல் எங்கோ நாம் நிற்கிறோம் என்பது மட்டுமே தெரியும். இரண்டாவது கோயிலின் தூரமும் தெரிந்துவிட்டால், இரு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஏதோ ஒன்று நம் இடம். மூன்றாவது கோயில் அந்த இரண்டில் எது என்று சொல்லிவிடும். இருட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நாம் நிற்கும் இடம் நமக்குத் தெரிந்துவிடும்.

ஜிபிஎஸ் ‘முக்கோண அளவை’ செய்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1802ஆம் ஆண்டில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, குன்றுக்குக் குன்று கோணம் பார்த்து நிலத்தை அளந்துகொண்டே போனாரே, அது முக்கோண அளவை. ஜிபிஎஸ் கோணம் எதையும் பார்ப்பதில்லை. தூரங்களை மட்டுமே கணக்கிடுகிறது.

வானத்துக் கடிகாரங்களும் நான்காவது சாட்சியும்

கோயில்களுக்குப் பதிலாகச் செயற்கைக்கோள்களையும், ஒலிக்குப் பதிலாக வானொலி அலையையும் வைத்துக்கொண்டால் உண்மையான அமைப்பு வந்துவிடும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் உண்டு. “நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது” என்ற செய்தியை ஒவ்வொன்றும் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்ற கணக்கில் வருகிறது. நம் தலைக்கு நேர்மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து கீழே வந்து சேர 0.07 நொடிகூட ஆவதில்லை. செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கைப்பேசி அளந்து தூரமாக மாற்றிக்கொள்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த வேகத்தில் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் பிசகிவிடும். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நம் கைப்பேசியில் இருப்பதோ மலிவான சாதாரணக் கடிகாரம். அதனால்தான் மூன்று செயற்கைக்கோள்கள் போதாமல் நான்காவது தேவைப்படுகிறது. நான்கு தூரங்களும் ஒரே புள்ளியில் பொருந்தும்படி கைப்பேசி தன் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கிறது. பொருந்தும் அந்த ஒரு நிலையில் இடமும் தெரிகிறது, சரியான நேரமும் தெரிகிறது.

அமெரிக்காவின் அமைப்பைத் தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக் ஆகியவையும் உள்ளன. இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் ஜிஎன்எஸ்எஸ். இன்றைய கைப்பேசிகள் இவற்றில் பலவற்றை ஒரே சமயத்தில் கேட்கின்றன. வழக்கத்தில் எல்லாவற்றையுமே ‘ஜிபிஎஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரையும் அப்படியே சொல்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செயற்கைக்கோள்கள் பேசுகின்றன, கைப்பேசி கேட்கிறது. கைப்பேசி அவற்றுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. கோயில் ஒலிபெருக்கியைக் கேட்பதற்கு நம் வீட்டில் தொலைபேசி இணைப்பு வேண்டியதில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டியதில்லை என்பதும் அப்படித்தான். ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் இன்றைய கைப்பேசிகளில் இடம் தெரியும்.

அப்படியானால் டவர் எதற்கு உதவுகிறது?

டவருக்கு ஒரு சிறு பங்கு உண்டு. குழப்பம் எழுவதும் அங்கிருந்துதான். எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரத்தைக் கைப்பேசி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விவரம் செயற்கைக்கோளின் ஒலிபரப்பிலேயே வருகிறது என்றாலும் மிக மெதுவாக வருகிறது. நொடிக்கு 50 பிட் மட்டுமே. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான விவரத்தைப் பெற ஏறத்தாழ அரை நிமிடமும், எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையை முழுதாகப் பெற 12.5 நிமிடமும் ஆகும். இணையம் இருக்கும்போது கைப்பேசி அதே விவரத்தை ஒரு நொடியில் இறக்கிக்கொள்கிறது. இந்த உதவிக்கு ஏ-ஜிபிஎஸ் என்று பெயர். உதவி கிடைத்தால் இடம் விரைவாகத் தெரியும்; கிடைக்காவிட்டால் சிறிது தாமதமாகத் தெரியும்.

ஆகவே அடிவாரத்தில் டவர் இருக்கும்போதே செயலியைத் திறந்து, திறந்தவெளியில் இரண்டு நிமிடம் நின்று, புள்ளி நிலைகொண்ட பிறகு ஏறத் தொடங்குவது நல்ல பழக்கம். மலைமேல் போய் முதல்முறையாகத் திறந்துவிட்டு, அரை நிமிடத்தில் புள்ளி வரவில்லை என்று பதறி, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வானம் தெரியும் இடத்தில் இன்னும் சற்று நேரம் அசையாமல் நின்றிருந்தால் போதும், அது கிடைத்திருக்கும்.

புள்ளி வேறு, வரைபடம் வேறு

ஜிபிஎஸ் கணக்கு நமக்குத் தருவது இரண்டு எண்கள் மட்டுமே: அட்சரேகை, தீர்க்கரேகை. உயரத்தையும் சேர்த்தால் மூன்று. ‘இது ஓடை’, ‘இது பாறை’, ‘இது நம்மியம்பட்டுக்குப் போகும் வழி’ என்று எந்தச் செயற்கைக்கோளும் சொல்வதில்லை. அவற்றைச் சொல்வது வரைபடம். செயலி என்பது புள்ளியையும் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டும் கண்ணாடி. கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பின்னால் வரைபடம் இல்லையென்றால் அமிர்தியில் நான் பார்த்த சாம்பல் நிறக் கட்டங்கள்தான் தெரியும்.

பெரும்பாலான செயலிகள் நாம் பார்க்கும் பகுதியின் வரைபடத்தை அவ்வப்போது இணையத்திலிருந்து துண்டு துண்டாக இறக்கிக் காட்டுகின்றன. டவர் போனால் அடுத்த துண்டு வராது. வீட்டிலேயே முழுப் பகுதியையும் இறக்கிக் கைப்பேசியிலேயே சேமித்துக்கொள்ளும் வரைபடத்துக்கு ஆஃப்லைன் வரைபடம் என்று பெயர். மலைப்பாதைக்குச் செயலி தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தச் செயலி, நான் போகப் போகும் மலையின் வரைபடத்தை முழுதாக என் கைப்பேசிக்குள் வைத்துக்கொள்ள விடுமா? அதற்குப் பணம் கேட்குமா?

அடுத்த கேள்வி, அந்த வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை இருக்கிறதா என்பது. கார் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்துச் செய்த வரைபடத்தில் தார்ச்சாலை இருக்கும், பெட்ரோல் பங்க் இருக்கும், ஆட்டுத்தடம் இருக்காது. நடப்பவர்களுக்கான செயலிகளில் பெரும்பாலானவை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் தொடங்கப்பட்ட அது, யார் வேண்டுமானாலும் பாதையையும் பெயரையும் சேர்க்கக்கூடிய வரைபடம். அதன் வலிமையும் குறையும் ஒன்றே: நடந்தவர் வரைந்திருந்தால் பாதை இருக்கும், வரையாவிட்டால் இல்லை. ஏலகிரியில் பலர் ஏறும் சுவாமிமலைப் பாதை போன்றவற்றை வரைபடத்தில் எளிதாகக் காணலாம். ஜவ்வாது மலையின் உட்பகுதிகளிலோ, நான் பார்த்த வரையில், ஊர்களும் சாலைகளும் இருக்க, ஊரையும் ஊரையும் இணைக்கும் காட்டுத்தடங்கள் பல இன்னும் கோடாகவில்லை. சில பாதிவழியில் நின்றுவிடுகின்றன. ஆகவே வரைபடத்தில் கோடு இல்லை என்பதால் அங்கே வழியே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அதைவிட முக்கியமாக, கோடு இருக்கிறது என்பதால் இன்றும் அங்கே நடக்கலாம் என்றும் நம்பிவிடக் கூடாது. இரண்டு மழைக்காலம் ஆள் நடக்காவிட்டால் உண்ணிச்செடி பாதையை மூடிவிடும்.

ஏரிக்கரை வரிகளும் மலையின் வடிவமும்

கோடில்லாத காட்டிலும் வழிகாட்டும் ஒன்று வரைபடத்தில் உண்டு. காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரியில் கோடைக்காலத்தில் நீர் வற்ற வற்ற, கரையைச் சுற்றி வரிவரியாக ஈரத்தடம் படிவதைப் பார்த்திருப்போம். ஒரு வரியின் மேல் உள்ள எல்லா இடங்களும் ஒரே உயரத்தில் இருப்பவை, ஏனென்றால் அன்றைய நீர்மட்டம் அதுதான். கரை சரிவாக இருக்கும் இடத்தில் வரிகள் விலகி விலகி இருக்கும். செங்குத்தாக இருக்கும் இடத்தில் நெருங்கியிருக்கும். மலை முழுவதையும் நீரில் மூழ்கடித்து, 20 மீட்டருக்கு ஒருமுறை நீரை நிறுத்தி வரி போட்டால் எப்படி இருக்குமோ, அதுவே வரைபடத்தில் காணும் சமவுயரக் கோடுகள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களில் இந்த இடைவெளி பொதுவாக 20 மீட்டர்.

சமவுயரக் கோடு இல்லாத செயலியில் இரண்டு இடங்களுக்கு இடையே 600 மீட்டர் என்று காட்டினால், அது சமதளமா, கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய பாறையா என்பது தெரியாது. கோடுகள் உள்ள செயலியில், அந்த 600 மீட்டருக்குள் பதினைந்து கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், 300 மீட்டர் ஏற வேண்டும் என்றும், அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்றும் தெரிந்துவிடும். தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போவது என்பதே இதைப் பொறுத்துத்தான். நான் ஒரு செயலியை ஏற்பதும் தள்ளுவதும் பெரும்பாலும் இந்த ஒரு வசதியைப் பார்த்துத்தான்.

சுருக்கமாக: முதலில் ஆஃப்லைன் வரைபடம், பிறகு அதில் ஒற்றையடிப் பாதை, பிறகு சமவுயரக் கோடு. இந்த மூன்றும் வரைபடத்தின் குணங்கள். செயலிகள் ஒன்றிலிருந்து ஒன்று மாறுபடுவது இவற்றில்தான்.

புள்ளி எவ்வளவு நம்பகமானது?

திறந்த வானத்தின் கீழ் ஒரு கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் பிசகுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியுமே, அது பிசகின் அளவு. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் அந்த வட்டத்துக்குள் நாம் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். மீதி ஒரு பங்கு நாம் வட்டத்துக்கு வெளியிலும் நிற்கக்கூடும். வட்டம் பெரிதாக இருக்கும்போது புள்ளியை நம்பிப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நம் பக்கத்து மலைகளில் பாறைதான் பெரிய இடையூறு. வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். உயர்ந்த பாறைச் சுவரின் அருகில் நிற்கும்போது செயற்கைக்கோளின் அலை நேராக வராமல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் எதிரொலி தாமதமாகக் கேட்பதைப் போல. அலை சுற்றி வந்ததால் நேரம் கூடும், நேரம் கூடியதால் தூரமும் கூடியதாகக் கணக்காகிவிடும், புள்ளி பக்கவாட்டில் தாவிவிடும். பாறையிலிருந்து இருபது முப்பது அடி விலகி, வானம் அகலமாகத் தெரியும் இடத்தில் நின்று பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய கைப்பேசிகள் இந்த எதிரொலியைச் சற்று நன்றாகவே பிரித்தறிகின்றன. இவையெல்லாம் கைப்பேசியின் திறன்கள். செயலியை மாற்றி இவற்றைப் பெற முடியாது.

திசை காட்டும் அம்பைப் பற்றியும் ஒரு சொல். நாம் அசையாமல் நிற்கும்போது அம்பு திரும்புவது கைப்பேசிக்குள் உள்ள காந்த உணரியால். காந்தம் வைத்த கவர் போட்டிருந்தால் அது தவறான திசையைக் காட்டும். பத்தடி நடந்து பார்த்தால் புள்ளி நகரும் திசை உண்மையைச் சொல்லிவிடும்.

உயரக் கணக்கில் நம் ஊருக்கே உரிய ஒரு விந்தை

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நின்று சில ஆண்டிராய்டு செயலிகளைத் திறந்தால் 640 மீட்டருக்கு அருகில் காட்டும். செயலி பழுது என்றே எவரும் நினைப்பார்கள். உண்மைக் காரணம் வேறு, அழகான காரணமும்கூட.

ஜிபிஎஸ், பூமியை ஒழுங்காகச் செதுக்கிய, சற்றே தட்டையான ஓர் உருண்டையாகக் கற்பனை செய்துகொண்டு, அந்த உருண்டையின் பரப்பிலிருந்து உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பு விசையைப் பொறுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே கடல் மட்டம் மிகத் தாழ்ந்து கிடக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது; கற்பனை உருண்டையைவிட அங்கே 100 மீட்டருக்கும் மேல் பள்ளம். தமிழ்நாடு அந்தப் பள்ளத்தின் சரிவில் இருப்பதால், நம் பகுதியில் கடல் மட்டமே அந்த உருண்டையைவிட 80 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைத் திருத்திக் காட்டும் செயலி 725க்கு அருகில் சொல்லும்; திருத்தாத செயலி 80 மீட்டருக்கும் மேல் குறைத்துச் சொல்லும். ‘கடல் மட்டத்துக்குத் திருத்துக’ என்ற பொருளில் ஓர் அமைப்பு செயலியில் இருந்தால் அதை இயக்கிவிட வேண்டும். ஏறிய உயரத்தின் கணக்கு இதனால் பாதிக்கப்படாது, ஏனென்றால் அடிவாரத்திலும் உச்சியிலும் பிசகு ஏறத்தாழ ஒன்றே.

நடந்த தடம்

முன்னே போகும் வழியைவிட, வந்த வழியே திரும்புவதற்குச் செயலி மிகுந்த உதவியாக இருக்கும். நாம் நடக்க நடக்க, சில நொடிகளுக்கு ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொண்டே போவதற்குத் தடப்பதிவு என்று பெயர். கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு கோடு இழுப்பது போல, செயலி புள்ளிகளை இணைத்துக் கோடாகக் காட்டும். புள்ளிகளுக்கு இடையே நேரம் கூடினால் வளைவு காணாமற் போகும்: நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால், மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 67 மீட்டர் கடந்திருப்பார், மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறிய பாதை, நேர்க்கோடாகப் பதிந்திருக்கும். ஐந்து முதல் பத்து நொடிக்கு ஒரு புள்ளி என்பது நடைக்குப் பொருத்தமானது.

எதிர்ப்பக்கக் குறையும் உண்டு. மரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பதிவைப் பார்த்தால், அந்த இடத்தில் குழந்தை கிறுக்கியது போல ஒரு நூல்கண்டு இருக்கும். ஐந்து மீட்டர் பிசகுக்குள் புள்ளி அங்குமிங்கும் தாவியதையெல்லாம் செயலி நடையாக எண்ணிக்கொள்கிறது. ஒரே பாதையில் சேர்ந்து நடந்த இருவரின் கைப்பேசிகள் வெவ்வேறு தூரம் காட்டுவதற்கு இது முக்கியமான காரணம். ஓய்வெடுக்கும்போது பதிவை நிறுத்தி வைக்கலாம். ஆனால் எழுந்ததும் மீண்டும் தொடங்க மறந்துவிடுவோம் என்பதால் நான் நிறுத்துவதில்லை.

ஆண்டிராய்டு கைப்பேசிகளில் இன்னொரு பெரிய தொல்லை, திரை அணைந்ததும் மின்சேமிப்பு அமைப்பு செயலியையே தூங்க வைத்துவிடுவது. உச்சிக்குப் போய்ப் பார்த்தால் பதிவு அடிவாரத்திலேயே நின்றிருக்கும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் செயலியைக் குறை சொல்பவர்கள் மிகப் பலர்.

பதிவைக் கோப்பாக எடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் பொது வடிவத்துக்கு ஜிபிஎக்ஸ் என்று பெயர். ஒரு செயலியில் எடுத்த ஜிபிஎக்ஸ் கோப்பை இன்னொரு செயலியில் திறக்கலாம். முன்னால் போய் வந்தவரிடம் அந்தக் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டால், வரைபடத்தில் கோடில்லாத காட்டிலும் ஒரு கோடு கிடைத்துவிடுகிறது. ஜிபிஎக்ஸைத் திறக்கவோ வெளியே எடுக்கவோ விடாத செயலியில் நம் நடையெல்லாம் சிறைப்பட்டுப் போகும். அத்தகையதை நான் பரிந்துரைப்பதில்லை.

செயலிகளைப் பற்றிச் சில சொற்கள்

கூகுள் மேப்ஸ் அடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதில் பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாலும், இணையம் இல்லாதபோது அது வாகன வழியைத்தான் சொல்லும், நடைவழியைச் சொல்லாது. ஆர்கானிக் மேப்ஸ் இலவசமானது, விளம்பரமற்றது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஆஃப்லைனாகத் தருகிறது. சமவுயரக் கோடும் தடப்பதிவும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஓஸ்ம்ஆண்ட் அதைவிட ஆற்றல் மிகுந்தது, ஆனால் அமைப்புகள் ஏராளம் என்பதால் முதல் வாரம் மிரட்டும். சில வசதிகளுக்குப் பணமும் கேட்கும். விக்கிலாக் பிறர் நடந்த தடங்களைத் தேடுவதற்கு உதவும். ஆல்ட்ரெயில்ஸ் அழகானது, ஆனால் ஆஃப்லைன் வரைபடத்துக்குச் சந்தா வேண்டும். அதன் பாதைத் தொகுப்பு வளர்ந்ததும் அமெரிக்காவை மையமாக வைத்துத்தான். வெளிநாட்டு மதிப்பீடுகளில் முதலிடம் பெறும் செயலிகள் பலவற்றின் பெருமை அந்த நாட்டு அரசு வரைபடங்களைச் சேர்த்திருப்பதில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்குப் போகும் நமக்கு அந்தப் பெருமையால் பயனில்லை.

இரண்டு எண்கள் உயிரைக் காக்கும்

கால் பிசகி ஒருவர் விழுந்துவிட்டால், 112க்கோ 108க்கோ அழைத்து இடத்தைச் சொல்ல வேண்டும். இணையம் வராத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும். அதில் அனுப்ப வேண்டியவை அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேலூரின் அட்சரேகை 12 டிகிரி 55 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் இதைத் தசமத்தில் எழுதினால் 12.917 வரும். அவசரத்தில் ‘12.55’ என்று சொல்லிவிட்டால், தேடி வருபவர்கள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, போளூருக்குச் சற்று வடக்கே போய் நிற்பார்கள். செயலியின் அமைப்பில் தசம டிகிரியைத் தேர்ந்தெடுத்து, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்களையும் அப்படியே சொல்ல வேண்டும். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். இந்த எண்களை ஓரிரு தொடுகையில் காட்டி நகலெடுக்க விடும் செயலி நல்ல செயலி.

மின்கலம், வெயில், அனுமதி

டவர் இல்லாத இடத்தில் கைப்பேசி டவரைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தீர்த்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் இயங்கவிட்டால் ஒரு நாள் நடை தாங்கும். திரையை அணைத்து வைப்பது அதற்கும் மேலான சேமிப்பு. கத்திரி வெயிலில் வேலூர்ப் பாறைமேல் கைப்பேசியைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது சூடேறித் திரையை மங்கலாக்கும், சில சமயம் அணைந்தே போகும். ஐபோனுக்கு ஆப்பிள் நிறுவனம் சொல்லும் வெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான். துணிப்பைக்குள் நிழலில் இருக்கட்டும்.

வரைபடத்தில் கோடு இருப்பது அனுமதிக்குச் சமமாகாது. நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2018ஆம் ஆண்டு குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வனத்துறை வழிகாட்டியோடு செல்லும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. திருப்பத்தூர் மாவட்டத்துப் பாதைகளும் அவற்றில் உண்டு. முதல் நடைக்கு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கோட்டையில் ஒரு சோதனை

எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் மலையில் அதைச் சோதிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர்க் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். முந்தைய இரவே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் நின்று ஏரோப்ளேன் மோடில் போட்டு, பதிவைத் தொடங்கி, திரையை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, அகழியை ஒட்டி வெளிப்புறமாக நடக்க முடிந்த மட்டும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள்: அகழி வரைபடத்தில் தெரிகிறதா, தடம் முழுதாகப் பதிந்திருக்கிறதா, கோடு அகழிக்குள் இறங்காமல் கரையோடு வருகிறதா, மின்கலம் எத்தனை சதவீதம் குறைந்தது, ஜிபிஎக்ஸ் கோப்பு வெளியே வருகிறதா, அதை நண்பரின் கைப்பேசியில் வேறொரு செயலியில் திறக்க முடிகிறதா. பாதியில் பதிவு நின்றிருந்தால் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி ஒரு சுற்று நடக்கலாம். அங்கே திரும்பி வர வழி தெரியாமல் போகாது.